மூன்றாவது கட்டு

உடுப்புத் தொழிற்சாலையில் அவளைச் செக்கரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜையில் மலையாய் வந்து குவியும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அக்குள் தையல், காலர் முனை, பட்டன் துளை, கீழ்மடிப்பு என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒன்றை ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அவள் ஒட்டிய அம்புக்குறியை எதிர்த்துப் பேசி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. இப்படிப்பட்டவள் புருஷன் விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

"எனக்கு எங்க திருப்பிப் பாக்க விட்டாங்க? பொட்டலமா கட்டிக் கையில குடுத்தாங்க" என்பாள்.

புருஷன் அதே தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே படம் வரைந்த தாளைப் போட்டு, மெஷின் கத்தியால் ஒரே ஓட்டத்தில் அத்தனையையும் வெட்டுகிற ஆள். கைகள், முதுகுகள், மார்புகள் என்று வெட்டி, சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவுவாரியாகப் பிரித்து, கட்டுக் கட்டி அனுப்புவார். கத்தி அவர் சொன்னபடி கேட்டது. வாய்தான் அவர் சொல்லாமலேயே ஓடியது. எதிரில் இருப்பவருக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து, அந்த இடத்தில் சரியாக இறக்குவார். இறக்கிவிட்டு, "ஒரு தமாஷுக்குச் சொன்னா உடனே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவியா?" என்பார். ஒருமுறை செக்கரக்காவுக்குச் சூப்பர்வைசர் பதவி வந்தது. முழுக்கூடத்துக்கும் அவள்தான் பொறுப்பு, கண்ணாடி போட்ட தனி அறை, சுற்றுகிற நாற்காலி. "பொண்டாட்டி கண்ணாடி ரூம்ல உக்காந்து பாக்க, புருஷன் வெளியே கத்தி புடிக்கணுமா?" என்று மாஸ்டர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அவள் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "உனக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது, நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, இடது கையில் இரண்டு பெரிய ஊசியைக் குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து உள்ளே அனுப்புவார்கள். அரை நாள் அசையாமல் கிடக்க வேண்டும். ஊரையே வாயால் வெட்டிக்கொண்டிருந்த மனுஷன் குழாயில் மாட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரம்மா, "வீட்டுல யாராவது கிட்னி குடுக்க முன்வந்தா..." என்று ஆரம்பித்த உடனே, வாக்கியத்தை முடிக்கக்கூட விடாமல், "நான் குடுக்கறேன்" என்று சொன்னவள் அவள்தான்.

மாஸ்டர் அதற்கு நன்றியும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பின்ன வேற யாரு குடுப்பா?" என்றார், பக்கத்து அறையிலிருந்து துண்டை எடுத்துவரச் சொல்கிற மாதிரி. அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், போனில் அழுதாள். "என் தம்பிக்கு நானே குடுத்திருப்பேன்மா. எனக்குத்தான் சுகர் இருக்கே" என்றாள். அந்தச் சுகர் அன்று காலையில்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்தினம்வரை யாருக்கும் தெரியாது.

ரத்தம் பொருந்தியது. ஒவ்வொரு சோதனையாக எல்லாம் பொருந்தியது. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். இனிக் கடைசியாக ஆஸ்பத்திரிக் குழு ஒன்று இவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசும், பிறகு ஆபரேஷன் என்றார்கள். இப்படி இருக்கிற நேரத்தில்தான் அந்த நாவல் வந்து சேர்ந்தது.

டயாலிசிஸ் கூடத்தில் மாஸ்டருக்கு ஒரு பக்கம் லாரிக்காரர், இன்னொரு பக்கம் கல்லூரி வாத்தியார். ஒரு வாரம் வாத்தியாரின் நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த வாரம் அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடத்தில் இதைப் பற்றி யாரும் யாரிடமும் விசாரிப்பதில்லை. வாத்தியாரின் மகள் மட்டும் ஒருநாள் வந்து, அப்பாவின் புத்தகங்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாள். மாஸ்டருக்குக் கிடைத்தது தலையணை கனத்தில் ஒரு நாவல். லாரிக்காரருக்குக் கிடைத்தது ராசிபலன். இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளலாமா என்று சற்று யோசித்துவிட்டு, கௌரவம் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

நாவல் ஒரே ஒருவனின் கதைதான். ஆனால் மூன்று ஆயுசு. ஒரு மழைநாளில் இருபது வயசுப் பையன் ஒருவன் அப்பாவின் இரும்புக் கடை வாசலில் நிற்கிறான். மழை விட்டால் ஒரு வாழ்க்கை. விடாமல் பெய்தால் வேறொரு வாழ்க்கை. அன்றைக்கு மழையே பெய்யாமல் இருந்திருந்தால் இன்னொன்று. மூன்றையும் மாற்றி மாற்றி, ஒரு அத்தியாயம் இதில், ஒரு அத்தியாயம் அதில் என்று எழுதியிருந்தார்கள். எது எந்த ஆயுசு என்று தெரிவதற்கு அத்தியாயத்தின் தலையில் படம். முதல் ஆயுசுக்கு மடக்கிய குடை, இரண்டாவதற்கு விரித்த குடை, மூன்றாவதற்குக் குடையே இல்லை.

ஒரு கை குழாயில் இருக்க, மற்றொரு கையால் அந்தக் கனத்தைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் என்ன செய்தார் என்றால், தான் அறிந்த ஒரே வழியில் அதைச் சரிசெய்தார். வீட்டு மேஜையில் புத்தகத்தை வைத்து, முதுகைப் பிளேடால் கீறி, பிரித்துப் போட்டார். ஒவ்வொரு அத்தியாயமும் புதுத் தாளில் தொடங்கியது அவருக்கு வசதியாகப் போயிற்று. மடக்கிய குடை எல்லாம் ஒரு பக்கம், விரித்த குடை எல்லாம் ஒரு பக்கம், குடை இல்லாதது ஒரு பக்கம். சட்டைக்குச் செய்வதுபோல அளவுவாரியாகப் பிரித்து, ஓரத்தில் ஊசி ஏற்றி, மூன்று கட்டாகத் தைத்துவிட்டார். எழுதியவர் எத்தனை வருஷம் கஷ்டப்பட்டுக் கலந்து வைத்ததோ, அரை மணியில் தனித்தனியாக வந்துவிட்டது.

"ஏங்க, கலந்து படிக்கணும்னுதானே அப்படி வச்சிருப்பாங்க?" என்றாள் அவள்.

"உனக்கு என்ன தெரியும்? மூணு சைஸை ஒண்ணாப் போட்டு எவனாவது சட்டை தைப்பானா?"

மூன்று கட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவதை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார். "அதுல ஒண்ணுல கடசிவரைக்கும் கடையிலயே கெடக்கறான். இன்னொண்ணுல ஜெயிலுக்குப் போறான். நீயே வச்சுக்க" என்றார். மூன்றாவது ஆயுசில் அந்தப் பையன் அப்பாவின் கடையை விட்டு ஓடி, கப்பலேறி, வாத்தியம் வாசித்துப் பெரிய ஆள் ஆகிறான். ஊர் ஊராகக் கைதட்டு. கல்யாணம் கிடையாது, பிள்ளை கிடையாது, காலையில் எழுந்து யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது கிடையாது. மாஸ்டர் அதைப் படித்தார், முடித்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். லாரிக்காரரிடம், நர்ஸிடம், ஊசி குத்த வந்த புதுப்பெண்ணிடம், எல்லோரிடமும் அதே பேச்சு.

"எனக்கும் ஒரு வாய்ப்பு வந்துச்சு தெரியுமா? வெளிநாட்டுக் கம்பெனி. கட்டிங் டிபார்ட்மென்ட்டுக்கே தலையா வரச் சொன்னாங்க. கல்யாணம் பேசிட்டாங்கன்னு போகல. போயிருந்தா இங்கயா கெடப்பேன்?"

செக்கரக்கா அவருக்குக் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடும்போது அவருக்குக் கால் சில்லிட்டுப்போகும். குனிந்தபடியே கேட்டாள்.

"அந்த மூணாவது ஆயுசுல நான் எங்கங்க இருக்கேன்?"

"நீயா? நீ இல்ல." மாஸ்டர் சிரித்தார். "அதுதானே அதோட அழகே."

லாரிக்காரர் ராசிபலனுக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். நர்ஸுக்கு முகத்தில் ஈயாடவில்லை. செக்கரக்கா கம்பளியின் மறுமுனையையும் கால்விரல் மூடும்படி செருகிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. சொன்னது பொய்யில்லை என்பது அதைவிட அவமானமாக இருந்தது. தன் வயிற்றைக் கீறி ஒன்றை எடுத்துக் கொடுக்கப்போகிற ஆளிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தாள்.

தள்ளிவிட்ட இரண்டு கட்டையும் தொழிற்சாலை வேனில் போகும்போதும் வரும்போதும் படித்தாள். கதைப் புத்தகம் படித்துப் பழக்கமில்லாதவள், சட்டையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். ஒரு வரி விடவில்லை. விரித்த குடை ஆயுசில் அவன் ஜெயிலிலேயே சாகிறான். அது அவளுக்கு ஒட்டவில்லை. மடக்கிய குடை ஆயுசில்தான் அவளுக்கு ஆள் கிடைத்தாள். இரும்புக் கடைக்காரனின் மனைவி. முன்பல் ஒன்று பாதி உடைந்தவள். கல்யாணமான புதிதில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். "அந்தப் பல்லைக் காட்டாதே, பார்க்கச் சகிக்கல" என்கிறான் புருஷன். அன்றிலிருந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பிள்ளை பெறுகிறாள், கடன்காரனுக்குப் பதில் சொல்கிறாள், கிழவியாகிறாள், கட்டு முடிகிற வரைக்கும் கை வாயை விட்டு இறங்கவில்லை. புருஷன் சாகக் கிடக்கும்போது, "நீ சிரிச்சே நான் பார்த்ததில்லையே" என்று கேட்கிறான். செக்கரக்கா வேனிலேயே, "பாவி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு மாஸ்டருக்குக் கண் மங்கியது. மெஷினில் இருக்கும்போது எழுத்து ஆடுகிறது என்றார். "இந்தா, நீ படி. நிதானமாப் படி, முழுங்காத" என்று மூன்றாவது கட்டை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தொடுவது அதுதான் முதல்முறை. படித்தாள். வாத்தியக்காரன் ஏதோ ஒரு பெரிய ஊரில் கச்சேரியை முடித்துவிட்டு ரயிலுக்குக் காத்திருக்கிறான். ஒரே கூட்டம். எதிர்ப்பக்க நடைமேடையில் ஒரு பெண் பெட்டியின்மேல் உட்கார்ந்து தோழிகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். முன்பல் பாதி உடைந்தவள். அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்குத் தோழிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. ரயில் வருகிறது. அவன் ஏறிப் போய்விடுகிறான். அவ்வளவுதான், நாலு வரி.

செக்கரக்கா நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"இவ யாருன்னு தெரியுதாங்க?"

"எவ?"

"இந்தப் பல்லு உடைஞ்சவ."

"யாரோ ஒரு பொம்பள. ரயிலடியில ஆயிரம் பேரு இருப்பாங்க. அத விட்டுத் தள்ளு. கச்சேரி வரும் பாரு, அதப் படி."

நாலைந்து தடவை படித்தவர். ஆனால் மடக்கிய குடைக் கட்டை அவர் புரட்டியதோடு சரி, படித்ததே இல்லை. ஆளைத் தனியாக, சிரிப்பைத் தனியாக வெட்டிப் போட்டுவிட்டால் யாருக்கு அடையாளம் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது. இவன் புருஷனாக இல்லாத ஆயுசில் அந்தப் பல் உடைந்தவள் செத்துப்போய்விடவில்லை. தெருவில் நிற்கவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். செக்கரக்காவுக்கு அந்தக் காகிதப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. வயிறு எரிகிற பொறாமை. இத்தனை நாளும் இந்த மனுஷன் தன்னுடைய மற்ற ஆயுசையே பேசிக்கொண்டிருக்கிறாரே, எனக்கு என்று ஒன்று இருந்திருக்காதா, அதைப் பற்றி இங்கே ஒருத்தராவது கேட்டார்களா, நானாவது கேட்டேனா என்று நினைத்தாள். கச்சேரிப் பக்கத்தை எடுத்து நிதானமாகப் படித்து முடித்தாள்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்த அம்மா பொறுமையாகப் பேசினார்.

"உங்கள யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் சொன்னேன்."

"இப்பவும் முழு மனசோட இருக்கீங்களா? வேண்டாம்னு தோணினா இங்கயே சொல்லிடலாம்மா. நாங்க காரணம் கேக்க மாட்டோம். வெளியிலயும் சொல்ல மாட்டோம். மருத்துவ ரீதியா பொருந்தலன்னு மட்டும்தான் வீட்டுல சொல்லுவோம். உங்க பேரு கெடாது."

இப்படி ஒரு வழி இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவளுடைய ஆயுசில் யாரும் அவளிடம் வேண்டாம் என்று சொல்லலாம் என்று சொன்னதில்லை. அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை.

"வேண்டாங்க" என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இப்பதாங்க யோசிச்சேன்."

பொருந்தவில்லை என்று டாக்டரம்மா சொன்ன அன்று மாஸ்டர் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "எல்லாம் பொருந்திச்சுன்னு சொன்னாங்களே. கடசி நேரத்துல உன் ஒடம்புகூட என்னைக் கைவிடுதே. ஒண்ணுத்துக்காவது நீ ஒதவினியா?" என்றார். நாத்தனார் போனில், "அவ ராசியே அப்படி" என்றாள். செக்கரக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மருந்தை நேரத்துக்குக் கொடுத்தாள். உப்பில்லாமல் சமைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் திட்டும்போது அவளுக்கு வலிக்கவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

வேறு சிறுநீரகம் கிடைக்க வருஷக்கணக்கில் ஆகும் என்று தெரிந்த பிறகு மாஸ்டர் இறங்கிவந்தார். சாவு பயம் மனுஷனை என்னவெல்லாமோ செய்கிறது. அவரை அது நல்லவராக்கியது, அதுவும் தப்பான நேரத்தில். அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் டயாலிசிஸ் கூடத்தில், மெஷின் ஓடத் தொடங்கியதும், எல்லோரும் கேட்கிற மாதிரி லாரிக்காரரிடம் சொன்னார்.

"கூடப் பொறந்தவ சுகர்னு சொல்லிக் கைய விரிச்சா. இவ பாருங்க, கேட்ட ஒடனே வயித்தக் கிழிச்சுக் குடுக்கறேன்னு வந்தா. கடவுளுக்குத்தான் பொறுக்கல. நான் இவள என்னென்னமோ பேசியிருக்கேன். இனிமே எத்தனை ஆயுசு குடுத்தாலும் இவதான் எனக்குப் பொண்டாட்டி. அதுல மாத்தமே இல்ல."

லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்ஸ் செக்கரக்காவின் தோளைத் தொட்டாள். கூடமே அவளைப் பார்த்தது. எத்தனை ஆயுசு குடுத்தாலும் என்றாரே, ரயிலடியில் உட்கார்ந்திருக்கிறவளையும் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார் போலிருந்தது அவளுக்கு. அவர் வைததை எல்லாம் தாங்கியவளுக்கு இந்த ஒன்றைத் தாங்க முடியவில்லை.

"கடவுள் இல்லீங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

"என்னது?"

"கிட்னி பொருந்திச்சு. குழுவுல கேட்டாங்க. எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்."

மாஸ்டர் சிரித்தார். நல்ல சத்தமாகச் சிரித்தார். "கேட்டீங்களா? இவ வேண்டாம்னு சொன்னாளாம்! இவ! குழம்புக்கு என்ன காய் போடறதுன்னுகூட என்னைக் கேக்காம இவளுக்கு முடிவு பண்ணத் தெரியாது. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு தமாஷ் பண்றா" என்றார். லாரிக்காரர் சிரிக்கவில்லை. குழு கூடிய அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் இந்த நர்ஸ்தான், உள்ளே பேசியது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் குனிந்து குழாயைச் சரிபார்க்கிற மாதிரி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சிரிப்பு வாயோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"சும்மாத்தானே சொன்ன?"

"இல்லீங்க."

"ஏய். சும்மான்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை.

"கழட்டு இத" என்று மாஸ்டர் நர்ஸைப் பார்த்துக் கத்தினார். குழாயைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார். நர்ஸ் ஓடிவந்து அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு சார். உங்க ரத்தம் மெஷின்ல இருக்கு. பாதியில எந்திரிக்க முடியாது" என்றாள்.

"அப்ப இவள வெளிய போகச் சொல்லு."

செக்கரக்கா எழுந்தாள். கம்பளி நழுவி அவருடைய பாதம் வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், மூடிவிடவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

"போகாத" என்றார் மாஸ்டர். "முடிஞ்சதும் யாரு என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவா?"

அவள் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். மெஷின் ஓடி முடிய இன்னும் அரை நாள் இருந்தது.